கொல்கத்தா வெயிலும் புகை விரித்த திரையும்

2024 ஏப்ரலில் கொல்கத்தா தூர்தர்ஷனில் வெப்ப அலைச் செய்தியை வாசித்துக்கொண்டிருந்தவர் நேரலையிலேயே மயங்கிச் சரிந்தார். அரங்கில் ஏசி பழுதாகியிருந்தது. அந்த மாதம் முழுக்க நகரம் காலவைசாகிக்காகக் காத்திருந்தது. கோடை மாலைகளில் வடமேற்கிலிருந்து திடீரெனக் கிளம்பிவந்து, சற்று நேரம் அடித்துப் பெய்து, தெருவைக் குளிர்வித்துவிட்டுப் போகும் இடிமழை அது. ஏப்ரல் முடிந்தும் அது வரவில்லை. 30-ஆம் தேதி கொல்கத்தாவில் 43 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1954-க்குப் பிறகு ஏப்ரல் மாதத்தில் அந்நகரம் காணாத வெயில். அதே நாளில் மேற்கு மேதினிபூர் மாவட்டத்தின் கலாய்குண்டாவில் 47.2 டிகிரி. பள்ளிகளின் கோடை விடுமுறையை மாநில அரசு ஏப்ரல் 22-க்கே முன்தள்ளியிருந்தது. நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரமும் அந்த வெயிலில்தான் நடந்தது.

கொல்கத்தா வெயில் ராஜஸ்தான் வெயிலைப் போன்றதல்ல. வங்கக் கடலின் ஈரமும் சேர்ந்த புழுக்கம் அது. வியர்வை உடம்பிலேயே நிற்கும், உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் தன் சூட்டை வெளியேற்ற வழியில்லை. சியால்டா அருகே கோலே மார்க்கெட்டில் காய்கறிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு லாரிக்கும் கடைக்குமாக நடக்கும் சுமைதூக்கிகள், புர்ராபஜார் சந்துகளில் துணிமூட்டை இழுப்பவர்கள், இன்னும் மிச்சமிருக்கும் கைரிக்‌ஷாக்காரர்கள், இழை அறுந்துபோகாமலிருக்க ஈரம் குறையாமல் வைத்திருக்கும் சணல் ஆலை நூற்புக்கூடங்களில் ஷிப்ட் முழுக்க நிற்பவர்கள் எனப் பல லட்சம் பேருக்கு இதில் ஒதுங்க இடமில்லை. நிழலில் நின்றாலும் புழுக்கம் விடாது.

பருவநிலை மாற்றத்துக்கான சர்வதேசக் குழுவான ஐபிசிசி 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1950-க்கும் 2018-க்கும் இடையே கொல்கத்தாவின் சராசரி வெப்பநிலை 2.6 டிகிரி உயர்ந்திருக்கிறது. அதில் கணக்கிடப்பட்ட பெருநகரங்களில் இதுவே அதிகம். டெஹ்ரானில் உயர்வு 2.3 டிகிரி, மாஸ்கோவில் 1.6 டிகிரி. இந்த 2.6 முழுவதும் கரியமில வாயுவின் வேலையல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குளங்களைத் தூர்த்து, மரங்களை வெட்டி, கான்கிரீட்டைக் கொட்டி நகரமே தனக்குத் தேடிக்கொண்ட சூடும் அதில் கலந்திருக்கிறது. அந்தப் பங்கைக் குறைப்பது நகரத்தின் கையில்தான் இருக்கிறது. கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலத்தைக் காப்பாற்றுவதற்கும் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் கலாய்குண்டா பெருநகரமல்ல. அங்கே 47 டிகிரி வந்ததற்குக் கொல்கத்தாவின் கான்கிரீட்டைக் குறை சொல்ல முடியாது. 2024 ஏப்ரலில் தெற்காசியாவைச் சுட்ட வெப்பத்தை ஆராய்ந்த ‘வேர்ல்டு வெதர் ஆட்ரிபியூஷன்’ குழு, மனிதர்களால் பூமி சூடேறியதன் விளைவாக அப்படியொரு வெப்பம் நேரும் வாய்ப்பு சுமார் 45 மடங்கு கூடியிருப்பதாகக் கணக்கிட்டது.

பெட்ரோல், நிலக்கரிப் பயன்பாட்டைக் குறைத்தால் போதுமே என்று பலரும் நினைக்கிறார்கள். குறைத்தே ஆக வேண்டும், அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் உமிழ்வைப் பூஜ்ஜியமாக்கினாலும் பூமி குளிராது என்ற செய்தி பொதுவெளியில் போதுமான அளவு பேசப்படவே இல்லை. உமிழ்வு நின்றால் சூடு மேலும் ஏறாமல் நிற்கும், அவ்வளவுதான். ஏறிய சூடு நூற்றாண்டுக் கணக்கில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்துவதை நிறுத்தலாம், போர்த்தியதை உருவ இப்போதைக்குக் கையில் வழியில்லை. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் வந்திருக்கின்றன. ஆனால் உலகம் வெளியேற்றும் ஆயிரக்கணக்கான கோடி டன்னுக்கு முன்னால் அவை இன்று எடுப்பது கணக்கிலேயே வராது. நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்க இந்தியா குறித்திருக்கும் ஆண்டு 2070. 2024-இல் விடுமுறை விட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட 10 வயதுச் சிறுமிக்கு அப்போது 56 வயது. எல்லா நாடுகளும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாலும், அவளுடைய படிப்பு, வேலை, பிள்ளைப்பேறு எல்லாம் 2024-ஐவிட மோசமான கோடைகளில்தான் நடக்கும்.

அவளுடைய ஆயுளுக்குள் வெப்பத்தைக் கீழே இறக்கக்கூடியதாக அறிவியலுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருக்கிறது. பூமிக்கு வரும் சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்புவது. புவிப்பொறியியல் என்று அழைக்கப்படும் முயற்சிகளில் அதிகம் ஆராயப்பட்டதும், அதிகம் அஞ்சப்படுவதும் இதுவே.

இது வேலை செய்யும் என்பதை இயற்கையே காட்டியிருக்கிறது. 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை பெரும் சீற்றத்துடன் வெடித்தது. ஏறக்குறைய 1.5 கோடி முதல் 2 கோடி டன் வரையான கந்தக டை-ஆக்சைடு, மேகங்களுக்கு மேலிருக்கும் அடுக்கு மண்டலத்துக்குப் போய், நுண்துளிகளாக மாறி உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டு உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி குறைந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் துளிகள் இறங்கிவிட்டன, சூடும் திரும்பியது. சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சிறப்பு விமானங்களைக் கொண்டு இதையே கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து செய்யலாம் என்பதுதான் யோசனை. முதல் 15 ஆண்டுகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 225 கோடி டாலர் ஆகும் என்று வேக் ஸ்மித், கெர்னாட் வாக்னர் இருவரும் 2018-இல் கணக்கிட்டார்கள். இந்திய விண்வெளித் துறையின் ஓராண்டு ஒதுக்கீட்டைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பணம் தடையாக இருக்கப்போவதில்லை.

“வானத்தில் கைவைப்பதா?” என்று கேட்பவர்கள், கை ஏற்கெனவே வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். நிலக்கரியை எரித்தால் கரியமில வாயுவோடு கந்தக டை-ஆக்சைடும் வருகிறது. அது காற்றில் சல்பேட் துகளாக மாறி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. இப்படிப்பட்ட மாசுத் துகள்கள் உலக வெப்பத்தில் சுமார் 0.4 டிகிரியை மறைத்துவைத்திருப்பதாக ஐபிசிசி மதிப்பிடுகிறது. பூஜ்ஜியம் முதல் 0.8 டிகிரி வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதால், எவ்வளவு பெரிய கடன் பாக்கியிருக்கிறது என்பதுகூட இன்னும் சரியாகத் தெரியவில்லை. செயற்கைக்கோள் தரவுகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வொன்று, கந்தக டை-ஆக்சைடு உமிழ்வில் இந்தியா சீனாவை முந்திக்கொண்டிருப்பதைக் காட்டியது. மேற்கு வங்காளத்தின் கொலாகாட்டிலும் கங்கைச் சமவெளி நெடுகிலும் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் யாரும் திட்டமிடாத, யாரும் அளக்காத, யாரும் அனுமதி கொடுக்காத ஒரு திரையை வங்காளத்தின் மேல் விரித்துவைத்திருக்கின்றன.

அந்தத் திரை மிகத் தாழ்வாக, மனிதர் மூச்சிழுக்கும் உயரத்தில் விரிந்திருக்கிறது. நுரையீரலைக் கெடுக்கிறது, ஆயுளைக் குறைக்கிறது. மழையையும் கெடுக்கிறது. 1951 முதல் 2015 வரை இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்ததாகவும், கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அது நன்றாகத் தெரிவதாகவும் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. அதற்குக் காரணமாக அது சுட்டியதில் மாசுத் துகள்களும் உண்டு.

இந்தப் புகையை உலகின் கண்முன் நிறுத்தியதில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்குண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், வேதியியலில் நோபல் பரிசு பெற்ற பால் குருட்ஸனுடன் சேர்ந்து நடத்திய ‘இண்டோயெக்ஸ்’ ஆய்வு 1999-இல் இந்தியப் பெருங்கடலின் மேல் விமானங்களையும் கப்பல்களையும் அனுப்பியது. தெற்காசியாவிலிருந்து கடலுக்கு மேல் நீண்டு கிடந்த, சுமார் 3 கிலோமீட்டர் தடிமனான பழுப்பு மண்டலத்தை அது அளந்தது. புகையைக் குறைக்க வேண்டும், மீத்தேனையும் கரித்துகளையும் உடனே கட்டுப்படுத்த வேண்டும் என்பதை ராமநாதன் அன்றிலிருந்து வலியுறுத்திவருகிறார். குருட்ஸன் அதே உண்மையிலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனார். 2006-இல் அவர் எழுதிய கட்டுரை புவிப்பொறியியலைப் பேசக்கூடாத பொருள் என்ற நிலையிலிருந்து மீட்டது. காற்றைச் சுத்தம் செய்தால் உயிர்கள் பிழைக்கும், ஆனால் வெயிலை மறைத்த திரையும் போய்விடும். அப்படியானால் கீழே உள்ள கந்தகத்தை அகற்றிவிட்டு, அதில் ஒரு சிறு பகுதியை அடுக்கு மண்டலத்தில் வைக்கலாமா என்று கேட்டார். கீழே சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும் துகள், மேலே ஓராண்டுக்கு மேல் தங்கும். அதனால் மிகக் குறைந்த அளவே போதும்.

குருட்ஸன் சொன்ன சிக்கல் இப்போது நடைமுறைக்கே வந்துவிட்டது. கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவை சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020-இல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தது. சீனா தன் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்துவிட்டது. அதன் பின் சில ஆண்டுகளில் கடல்களின் மேல் வெப்பம் கூடிய வேகத்தில் இந்தச் சுத்தத்துக்கு எவ்வளவு பங்கு என்று விஞ்ஞானிகள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பங்கு உண்டு என்பதில் பெரிய சண்டை இல்லை. இந்தியாவோ எதிர்த்திசையில் போகிறது. அனல்மின் நிலையங்களில் கந்தகத்தை நீக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று 2015-இல் விதித்த சுற்றுச்சூழல் அமைச்சகம், கெடுவை மீண்டும் மீண்டும் நீட்டித்து, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளித்துவிட்டது. இது தவறான முடிவு. வங்காளத்துக் குழந்தைகள் சல்பேட்டை மூச்சிழுப்பதற்கு எந்த வெப்பக் கணக்கும் நியாயமாகாது. என்றாவது ஒருநாள் அந்தப் புகை அகற்றப்படும், அகற்றப்பட வேண்டும். அன்றைக்கு இதுவரை மறைந்திருந்த சூடும் கொல்கத்தாவின் தலையில் இறங்கும். அதற்கான திட்டம் எந்த அமைச்சகத்திடமும் இல்லை.

கொல்கத்தாவைக் குளிர்விக்கும் முயற்சிக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1833-இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ‘டஸ்கனி’ என்ற கப்பல் நான்கு மாதம் கடலில் மிதந்து ஹூக்ளிக்கு வந்தபோது, ஏற்றிய 180 டன் ஐஸில் சுமார் 100 டன் உருகாமல் மிஞ்சியிருந்தது. ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகரின் சரக்கு அது. அதே டியூடர் சென்னையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் வெள்ளைக்காரர்களின் மேசைக்கும், வசதி படைத்த சில இந்தியர்களின் வீட்டுக்கும் போனது. அதைச் சுமந்துபோன கூலிக்குக் கிடைத்தது ஈரத்துணியின் குளிர்ச்சி மட்டும். இன்றைய ஏசியும் அந்த வழியில்தான் போகிறது. இந்திய வீடுகளில் சுமார் 10-இல் ஒன்றில்தான் ஏசி இருக்கிறது. அது அறையிலிருந்து எடுக்கும் சூட்டைச் சந்தில்தான் கொட்டுகிறது, சந்தில் நிற்பவர் மேல்தான் கொட்டுகிறது. காசுக்கு வாங்கும் குளிர்ச்சி எல்லாமே இப்படித்தான். கோலே மார்க்கெட் சுமைதூக்கிக்கும் அலிப்பூர் பங்களாவுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் கிடைக்கக்கூடிய குளிர்ச்சி பூமி முழுவதற்குமான குளிர்ச்சி மட்டுமே. புவிப்பொறியியலுக்கு ஆதரவான வாதங்களில் இதைவிட வலுவானது இல்லை.

எதிர்வாதங்களில் வலுவானது பருவமழை பற்றியது. அந்த அச்சம் நியாயமானது, இந்தியாவில் பிறந்த எவருக்கும் அது வர வேண்டும்.

பருவமழை என்பது வெயிலின் பிள்ளை. நிலம் கடலைவிடச் சூடாவதால்தான் காற்று கடலிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு வருகிறது. இதைக் கொல்கத்தா மற்ற நகரங்களைவிட முன்னதாகவே படித்தது. 1864 அக்டோபர் புயல் நகரைச் சூறையாடியது. 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்தது. இந்த அடிகளுக்குப் பின் 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1884-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். இமயமலையில் பனி அதிகம் கிடந்த ஆண்டில் இந்தியாவில் மழை குறைகிறது என்றார் அவர். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, நிலம் சூடாகத் தாமதமாகிறது, மழை தளர்கிறது. வெயிலைத் திருப்பினால் மழைக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இந்திய அறிவியலுக்கு 140 ஆண்டுப் பழக்கம்.

எரிமலைகளும் எச்சரிக்கின்றன. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. 1817 ஆகஸ்டில் வங்காளத்தின் ஜெஸ்ஸோரில் கிளம்பிய காலரா கொல்கத்தாவை எட்டி, பிறகு உலகெங்கும் பரவியது. கொல்கத்தாவில் 1820-இல் அந்தக் கொள்ளைநோயைப் பற்றி ஜேம்ஸ் ஜேம்சன் தொகுத்த அறிக்கை, அந்த ஆண்டுகளின் மழை இயல்பு தவறியிருந்ததைப் பதிவு செய்கிறது. தம்போராதான் காரணம் என்று சில வரலாற்றாய்வாளர்கள் வாதிடுகிறார்கள், அது நிறுவப்பட்டதல்ல. பினடுபோவுக்குப் பிறகும் 1992-இல் உலக நிலப்பரப்பில் மழை குறைந்ததை அளந்திருக்கிறார்கள். திடீரென்று, ஒரே மூச்சில் வரும் எரிமலைக் கந்தகத்துக்கும் பல ஆண்டுகளில் படிப்படியாகச் சேர்க்கும் துகளுக்கும் வேறுபாடு பெரிது. என்றாலும் அந்த வேறுபாட்டைக் கணக்குப் போட்டுத்தான் நிறுவ வேண்டும்.

அந்தக் கணக்கை உலகில் முதலில் போட்டவர்களில் ஒருவர் கோவிந்தசாமி பாலா. இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருக்கும் அவர், கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் கென் கால்டெய்ராவுடன் சேர்ந்து 2000-இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் அடிப்படைகளில் ஒன்று. இந்த யோசனை பலிக்காது என்று காட்டும் எண்ணத்தில்தான் அந்த ஆய்வைத் தொடங்கினோம் என்று கால்டெய்ரா பின்னாளில் கூறியிருக்கிறார். கணினி வேறு விடையைத் தந்தது. கரியமில வாயு இரட்டிப்பானால் வரும் சூட்டை, சூரிய ஒளியில் 1.8 சதவீதத்தைக் குறைப்பதன் மூலம் பெருமளவு ஈடுகட்ட முடிந்தது. பிரதேசவாரியாகவும் பருவவாரியாகவும் பார்த்தாலும் அப்படியே. ஆனால் பாலா அத்தோடு நிற்கவில்லை. வெப்பத்தை முழுக்க ஈடுகட்டப் போனால் மழை தேவைக்கு மேல் குறையும் என்று 2008-இல் அவரே காட்டினார். பாதிச் சூட்டை மட்டும் ஈடுகட்டுவது என்ற நிதானம் இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து வந்ததுதான்.

துகளை எந்த அட்சரேகையில் தூவுவது என்பதில்தான் இந்தியாவின் தலைவிதி இருக்கிறது. வட அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் அந்தப் பாதி குளிர்ந்து, மழைப் பட்டை தெற்கே நகரும், இந்தியாவின் மழையும் ஆப்பிரிக்க சாஹேலின் மழையும் குறையும். தெற்கில் மட்டும் தூவினால் நேர்மாறு. இரு பக்கமும் சமமாகத் தூவினால் பாதிப்பு மிகவும் குறைகிறது. பாலாவின் குழுவும் பிரிட்டனின் ஜிம் ஹேவுட் குழுவும் தனித்தனி மாதிரிகளில் இதே திசையைக் காட்டியிருக்கின்றன. அப்படியானால் பருவமழையை நம்பி வாழும் 140 கோடி மக்களின் நாடு, தூவும் இடத்தைத் தீர்மானிக்கும் மேசையிலிருந்து விலகி நிற்பதுதான் உண்மையான ஆபத்து.

ஏனென்றால் மற்றவர்கள் விலகி நிற்கவில்லை. பிரிட்டனின் ‘ஏரியா’ என்ற அரசு ஆய்வு நிறுவனம், சிறிய வெளிக்கள சோதனைகளும் அடங்கிய திட்டத்துக்கு சுமார் 5.7 கோடி பவுண்டை 2025-இல் அறிவித்தது. அமெரிக்க-இஸ்ரேலிய நிறுவனமான ‘ஸ்டார்டஸ்ட்’ அதே ஆண்டில் 6 கோடி டாலர் தனியார் முதலீடு திரட்டியது. அது தூவப்போகும் துகள் என்ன என்பது அப்போது வணிக ரகசியமாக இருந்தது. ‘மேக் சன்செட்ஸ்’ என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் யாரையும் கேட்காமல் மெக்ஸிகோவிலிருந்து கந்தக பலூன்களைப் பறக்கவிட, மெக்ஸிகோ அரசு 2023 ஜனவரியில் தடை அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனால் முறைப்படி, வெளிப்படையாகச் செய்ய முயன்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் திட்டம் சுவீடனில் எழுந்த எதிர்ப்பால் 2021-இல் முடங்கி, 2024 மார்ச்சில் கைவிடப்பட்டது. பொறுப்புள்ளவர்கள் ஒதுங்கினால் களம் காலியாக இருப்பதில்லை, லாபம் பார்ப்பவர்கள் வந்துவிடுகிறார்கள். 2024-இல் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் இதைப் பற்றி ஒரு நிபுணர் குழு அமைக்கும் சுவிட்சர்லாந்தின் தீர்மானம்கூட உடன்பாடின்றித் திரும்பப் பெறப்பட்டது.

இந்தத் தொழில்நுட்பத்தை வளர்க்கவோ வெளிக்களத்தில் சோதிக்கவோ கூடாது என்று 60-க்கும் மேற்பட்ட அறிஞர்கள் 2022-இல் பொது அறிக்கை விட்டார்கள். உலகம் முழுவதற்குமான வெப்பநிலையை நியாயமாக நிர்வகிக்கும் அமைப்பு எதுவும் இல்லை என்பது அவர்களின் முதன்மை வாதம். உண்மைதான், இல்லை. கொல்கத்தாவின் வெப்பநிலையை இன்று நிர்வகிக்கும் அமைப்பும் இல்லை. பிட்ஸ்பர்க்கும் மான்செஸ்டரும் 200 ஆண்டுகளாக எரித்த நிலக்கரி எந்த வாக்கெடுப்பும் இல்லாமல் அதை நிர்ணயித்தது. இந்த மருந்தைக் காட்டி உலகம் உமிழ்வுக் குறைப்பைத் தள்ளிப்போடும் என்ற அச்சத்தையும் பலர் சொல்கிறார்கள். மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் தேவ்சா-பாச்சாமி நிலக்கரிச் சுரங்க வேலையை மாநில அரசு 2025-இல் தொடங்கியது. அதற்கு அடுக்கு மண்டலத்தைச் சாக்காகச் சொன்னவர் யாருமில்லை. நிலக்கரியை நியாயப்படுத்த வேலைவாய்ப்பும் மின்தேவையும் போதுமானவையாக இருக்கின்றன.

பாதியில் நிறுத்தினால் அடக்கிவைத்த சூடு சில ஆண்டுகளில் பாய்ந்து வரும் என்பது உண்மையான ஆபத்து. சுத்தமான காற்றுக்கு மாறும்போது இந்தியா சந்திக்கப்போவதும் அதே ஆபத்தின் சிறிய வடிவம்தான். ஒரு நாடு நிறுத்தினாலும் இன்னொரு நாடு தொடரக்கூடிய கூட்டு ஏற்பாடும், அதிகபட்சம் டிகிரியில் இத்தனை தசமம்தான் குளிர்விக்கலாம் என்ற வரம்பும் இதற்கான காப்பு. ஓசோன் படலத்துக்குக் கந்தகத்தால் கொஞ்சம் சேதம் வரும், சுண்ணாம்புத் துகள் போன்ற மாற்றுகள் சோதிக்கப்படவில்லை. கடல் அமிலமாவதை இது தடுக்கவே தடுக்காது. அதனால்தான் இதை உமிழ்வுக் குறைப்புக்குப் பதிலாக யாரும் வைக்கக் கூடாது.

வெளிக்களத்தில் இறங்கி, தோல்வியை ஒளிக்காமல் சொல்லும் துணிவு இந்திய அறிவியலுக்கு இருந்திருக்கிறது. 2009-இல் கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து, ‘போலார்ஸ்டெர்ன்’ கப்பலில் தென்கடலுக்குப் போய், சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட்டைக் கரைத்தன. பாசி செழித்து கரியமில வாயுவை உறிஞ்சிக் கடலடிக்குக் கொண்டுபோகுமா என்று பார்ப்பது நோக்கம். கப்பல் கிளம்பிய பிறகு ஜெர்மன் சுற்றுச்சூழல் அமைச்சகம் எதிர்த்தது, ஆய்வு சில வாரம் தொங்கியது, பிறகு அனுமதி வந்தது. முளைத்த பாசியைச் சிறு கடல்விலங்குகள் மேய்ந்துவிட்டன. கார்பன் பெரிதாக இறங்கவில்லை. அந்தக் கடற்பகுதியில் இந்த வழி உதவாது என்பது தெரிந்தது. ஆண்டுக்கணக்கான வாக்குவாதத்தில் தெரியாதது ஒரு பயணத்தில் தெரிந்தது.

அடுத்த ஆய்வுக்கான கருவிகள் எல்லாம் நாட்டிலேயே இருக்கின்றன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம் ஹைதராபாத்தில் பல பத்தாண்டுகளாக அடுக்கு மண்டலத்துக்குக் கருவிகளை அனுப்பிவருகிறது. திருப்பதிக்கு அருகே கடங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இருக்கிறது. இஸ்ரோவும் நாசாவும் இணைந்து 2014 முதல் சில ஆண்டுகள் இந்த இரு இடங்களிலிருந்தும் வாராணசியிலிருந்தும் பலூன்களை ஏற்றி, பருவமழை மேகங்களே மாசுத் துகளை 13 முதல் 18 கிலோமீட்டர் உயரம்வரை தூக்கிச் செல்வதை அளந்தன. புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்திடம் சொந்த புவி அமைப்பு மாதிரி இருக்கிறது. கொல்கத்தாவின் போஸ் நிறுவனம் வங்காளக் காற்றின் துகள்களை நெடுங்காலமாக ஆராய்கிறது, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை சுந்தரவனத் தீவுகள் கரைவதைப் பதிவு செய்துவருகிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2017 வாக்கில் கணினி மாதிரி ஆய்வுகளுக்கு நிதி தரத் தொடங்கியது. அந்தச் சிறிய தொடக்கம் அதே அளவில் நிற்கிறது.

இந்தியா இதைத் தேசியத் திட்டமாக அறிவித்து, வங்கதேசத்தையும் சேர்த்துக்கொண்டு, பருவமழையை மையமாக வைத்த முழு மதிப்பீடு ஒன்றைத் தொடங்க வேண்டும். புயலுக்கும் எல்லை கிடையாது, டெல்டாவுக்கும் எல்லை கிடையாது. அதன் பகுதியாக ஹைதராபாத்திலிருந்து ஒரு பலூனில் 2 கிலோவுக்கு மிகாத சுண்ணாம்புத் துகளையோ சல்பேட்டையோ ஏற்றி, துகள் எந்த அளவில் நிலைக்கிறது, எவ்வளவு வேகமாக இறங்குகிறது, ஓசோனை என்ன செய்கிறது என்று அளக்க வேண்டும். ஹார்வர்டு செய்ய நினைத்ததும் அந்த அளவுதான். கொலாகாட்டின் ஒரு புகைபோக்கி ஒரே நிமிடத்தில் வெளியேற்றும் கந்தகம் அதைவிட அதிகம். சோதனைக்கு முன்பே நாள், இடம், பொருள், அளவு அனைத்தும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். தனியார் நிறுவனத்துக்கு இதில் காப்புரிமை கூடாது. முடிவுகள் வங்காள மொழியிலும் தமிழிலும் மற்ற மொழிகளிலும் வெளியாக வேண்டும். பருவமழைக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் பாதிப்பு என்று மாதிரிகள் ஒத்துச் சொன்னால் திட்டம் நிற்கும் என்ற நிபந்தனையைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். பாதிப்பு வரம்புக்குள் நின்றால், இரு அரைக்கோளத்திலும் சமமாக, ஆண்டுக்கு ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு என்ற வேகத்தில் குளிர்விக்கத் தொடங்கும் தீர்மானத்தை ஐ.நா.வில் இந்தியாவே முன்மொழிய வேண்டும்.